உன் கழுத்தில் இரண்டாவது தழும்பு

அன்பு மகள் பூங்கொடிக்கு அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நம் ஒத்தக்கடை வீட்டுக்கு உன்னைப் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா உன் பின்னலை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். "ரெண்டு தழும்பு இருக்கே, என்னத்தா ஆச்சு?" என்று உன்னைத்தான் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சின்ன வயசுல ஒரு கட்டிங்க. ஒரே கட்டிதான். தையல் சரியா விழல, அதான் ரெண்டு மாதிரி தெரியுது" என்றேன். அந்த அம்மா சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கேசரியை எடுத்துக்கொண்டார். எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். நீ மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாய். இரண்டு தடவை கத்தி வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். உன் முகத்துக்கு நேரே, உன் கழுத்தைப் பற்றி, நான் பொய் சொன்னேன்.

சாயங்காலம் ஆரப்பாளையத்தில் உன்னைக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். "ஏம்ப்பா, எனக்கு அப்ப நெசமா என்னதான் வந்துச்சு?" என்று கேட்டாய். அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். எடுக்காமல் இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். "பாத்துப் போ தாயி" என்று கையை ஆட்டினேன். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மேலூர் ரோடு வரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன், குழாயைத் திறக்கிறேன், மூடுகிறேன். "என்ன, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திக்கிட்டே இருக்கீங்க?" என்று உங்கம்மா சத்தம் போடுகிறாள். இதை எழுதும்போதுகூட நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வருகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில் உனக்கு வந்தது வெறும் நெறிகட்டி இல்லை. புற்றுநோய். உடம்பில் நிணநீர் ஓடும் கணுக்களில் வருகிற புற்று, அதிலும் அபூர்வமான ஒரு வகை. நீ முழுசாகப் பிழைத்துவிட்டாய். ஆனாலும் இந்த வார்த்தையை இன்று வரை உன் காதில் விழாமல் வைத்திருந்தேன். என் கூடப்பிறந்த உன் பெரியப்பா, அத்தை யாருக்கும் தெரியாது என்று சொன்னால் நம்புவாயா? என் சொந்த அக்காவுக்கே தெரியாது. டைபாய்டு வந்து முடி கொட்டியது என்றுதான் இன்றைக்கும் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்போது நாம் நாகமலை புதுக்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறைக்கு டைப்பிஸ்ட். உன் வலது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நெறி கட்டியது. வலி இல்லை. தலையில் பொடுகு இருந்தால் கட்டும் என்றார்கள், சொத்தைப் பல் என்றார்கள். சுண்ணாம்பு தடவினோம். மூன்று மாதத்தில் அது எலுமிச்சம்பழம் ஆனதும் டவுனில் ஒரு சர்ஜனிடம் கூட்டிப்போனேன். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு உன்னை வெளியே அனுப்பினார். "கான்சரா இருந்தாலும் இருக்கலாம். அறுத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிப் பாத்துருவோம்" என்றார். வெளியே வந்து, பதிவு செய்கிற மேஜை முன்னால் நின்றேன். குமாஸ்தா பேனாவைத் திறந்து, "பேஷண்ட் பேரு?" என்றார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு கை என் தோளில் விழுந்தது.

நம் ஊர்க்காரர் ஒருத்தர். எனக்கு மாமன் முறை. அவர் காதில் விழுந்தது மறுநாள் நம் ஊர்ப்பக்கம் பத்து கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். "என்ன மாப்ள, ஆஸ்பத்திரியில? யாருக்கு என்ன?" என்றார். அந்த ஒரு நொடியில் எனக்கு உன் கழுத்துக் கட்டி தெரியவில்லை. உன் கழுத்தில் ஏறவேண்டிய தாலிதான் தெரிந்தது. எட்டு வயதுப் பிள்ளை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறது, தகப்பன் அவளுக்குப் பதினைந்து வருஷம் கழித்து வரப்போகிற மாப்பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிறான். இப்படி ஒரு கிறுக்குத்தனத்தை நம் பக்கத்துத் தகப்பன்மார் தவிர வேறு யார் செய்வார்கள்? "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மாமா. அவுங்க அப்பன் வெளியூர்ல இருக்கான். நான் துணைக்கு வந்தேன்" என்றேன். குமாஸ்தாவிடம் திரும்பி, "லட்சுமி" என்றேன். "ஊரு மேலூரு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மாமா போன பிறகாவது திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. வாய்க்கு வசதியாக வந்துவிட்ட பொய் நல்லதாகத்தான் பட்டது. உன்னிடமும், "இங்க யாராச்சும் லட்சுமின்னு கூப்பிட்டா ஏன்னு கேளு தாயி, ஒரு விளையாட்டு" என்றேன். நீ சிரித்தாய். அங்கே வைத்துத்தான் உனக்கு முதல் தழும்பு விழுந்தது.

பத்து நாளில் பரிசோதனை முடிவு வந்தது. சர்ஜன் அதை மூன்று முறை படித்தார். "புற்றுதான். ஆனா இது சாதாரண வகை இல்ல. எழுதுன டாக்டருக்கே நிச்சயமாத் தெரியல, கேள்விக்குறி போட்டுருக்கார். இந்த வகையை மட்டும் ஆராய்ச்சி பண்ற இடம் எங்கயாச்சும் இருக்கும். எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. இங்க வச்சுக்கிட்டு நான் ஒரு மருந்து குடுத்தா அது குருட்டாம்போக்குல குடுக்குறதுதான். தேடுங்க. சீக்கிரம் தேடுங்க" என்றார். இரண்டாவதாக ஒரு டாக்டரிடம் போனேன். அவர் காகிதத்தைச் சரியாகப் பார்க்காமலே, ஆறு மாதம் என்றார். அன்று எனக்குச் சர்ஜன் மேல்தான் கோபம் வந்தது, தெரியாது என்று கையை விரித்துவிட்டாரே என்று. பிறகுதான் புரிந்தது. தனக்குத் தெரியாது என்று சொன்ன அந்த மனுஷனால்தான் நீ இருக்கிறாய். நாளைக்கு உனக்கோ உன் வீட்டில் யாருக்கோ ஒன்று வந்தால், எல்லாம் தெரிந்தவரிடம் ஓடாதே. எனக்குத் தெரியாது, தெரிந்தவரைத் தேடு என்று சொல்கிறவர் பேச்சைக் கேள்.

தேடு என்றால் எங்கே தேட? மதுரையில் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். ஒருத்தர் சென்னை என்றார், ஒருத்தர் பெங்களூர் என்றார், ஒருத்தர் கேரளாவில் பச்சிலை வைக்கிறவர் இருக்கிறார் என்றார். சைக்கிளை மிதித்துக்கொண்டு தெரிந்தவர் தெரியாதவர் வீட்டு வாசலிலெல்லாம் நின்றேன். நின்ற இடத்தில் எல்லாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்றே சொன்னேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு யார் ஓடி ஓடி உதவுவார்கள்? பார்க்கலாம், விசாரிக்கிறேன் என்று அனுப்பிவிடுவார்கள். என் பிள்ளை சாகக் கிடக்கிறாள் என்று சொல்லியிருந்தால் நாலு பேராவது கூட வந்திருப்பார்கள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் ஆபீசில் அட்டை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் அது ஒரு வழக்கம். வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது தெரிந்தால், அதை எழுதியவருக்கே ஒரு அச்சடித்த அட்டை போடுவார்கள். 'தங்கள் இன்ன கட்டுரையின் பிரதி ஒன்றை அன்புகூர்ந்து அனுப்பவும்' என்று இருக்கும். தலைப்பையும் பெயரையும் நான் டைப் அடிப்பேன், தேவசகாயம் சார் கையெழுத்துப் போடுவார். அவர்தான் துறைப் பேராசிரியர். ஒன்றிரண்டு மாதத்தில் அமெரிக்காவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ கட்டுரை வந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் இலவசமாக அனுப்பிவைப்பார்கள். அன்றைக்கு அந்த அட்டையை உருளையில் மாட்டிய கை அப்படியே நின்றது. எந்த நோய்க்கு எந்த ஊரில் ஆராய்ச்சி நடக்கிறது என்பது கட்டுரையின் கீழே விலாசமாக இருக்குமே! இதைத்தானே வருஷக்கணக்காக டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்!

டவுனில் மருத்துவ மாணவர்கள் படிக்கும் நூலகத்தில், துறையின் பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்தேன். நாலு மத்தியானம் லீவு போட்டு உட்கார்ந்தேன். எனக்கு மருத்துவம் தெரியாது. பரிசோதனைக் காகிதத்தில் இருந்த நீளமான ஆங்கில வார்த்தைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு, பத்திரிகைகளின் பொருளடக்கத்தில் அதே எழுத்துகள் வருகிறதா என்று விரலை வைத்துத் தேடினேன். வந்த இடத்தில் எல்லாம் விலாசத்தைக் குறித்தேன். முப்பதுக்கு மேல் சேர்ந்தது. அத்தனைக்கும் துறை அட்டையிலேயே டைப் அடித்து, மீன் ஆராய்ச்சி அட்டைகளுக்கு நடுவில் செருகிவிட்டேன். சார் படிக்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அவரை ஏமாற்றினேன் என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அட்டையைப் போட்டுவிட்டுக் காத்திருந்த அந்த நாட்களை எப்படிச் சொல்ல? போஸ்ட்மேன் வரும்வரை பொறுக்க முடியாமல் காலையில் தபாலாபீஸ் வாசலிலேயே போய் நின்றுவிடுவேன். அறுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டி கிளம்பியது. தினமும் நீ பள்ளிக்கூடம் போகுமுன் தலை சீவிவிடுகிற சாக்கில் அதைத் தொட்டுப் பார்ப்பேன். நேற்றைவிடப் பெரிசா, அதே அளவா என்று விரலுக்கும் மனசுக்கும் சண்டை நடக்கும். இப்போதும் நீ ஊருக்கு வரும்போதெல்லாம் "காச்சலா தாயி?" என்று கழுத்தில் கை வைக்கிறேனே, அது காய்ச்சல் பார்க்க இல்லை.

ஒரு நாள் தேவசகாயம் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஏழெட்டுத் தபால் உறைகள் பிரித்துக் கிடந்தன. "நான் மீனோட செவுளப் பத்தி ஆராய்ச்சி பண்றவன்யா. சின்னப் பிள்ளைக கழுத்துல வர்ற கட்டியப் பத்தி எனக்கு எதுக்கு இம்புட்டுக் கட்டுரை வருது?" என்றார். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சார்..." என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கா நீ இப்படி எலும்பும் தோலுமாப் போயிட்ட?" என்றார். அவ்வளவுதான் பூங்கொடி. அந்த அறையில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாக, என் மகளுக்கு என்று ஒருத்தரிடம் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு அத்தனை கட்டுரையையும் உட்கார்ந்து படித்தார். மூன்றாம் நாள், அவற்றில் இரண்டில் விவரித்திருப்பது நம் காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறது என்றார். அந்த இருவருக்கும் அட்டை இல்லாமல், நீளமாகக் கடிதமே எழுதினார். ஒரு தகப்பன் கேட்கிறான் என்று எழுதினார். ஒருவரிடமிருந்து பதில் வந்தது. 'எங்களிடம் இரண்டு வருஷம் இந்த வகையை மட்டுமே ஆராய்ந்தவர் உங்கள் நாட்டுக்காரர். இப்போது பம்பாயில் ஒரு ஆராய்ச்சி மருத்துவமனையில் இருக்கிறார். தாமதிக்காமல் அவரிடம் போங்கள், பரிசோதனை ஸ்லைடையும் எடுத்துப் போங்கள்' என்று இருந்தது. கடல் தாண்டிக் கேட்ட கேள்விக்குப் பம்பாயில் ஆள் இருந்திருக்கிறது. தபாலைக் கையில் பிடித்துக்கொண்டு நாகமலைப் பக்கம் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உன் கட்டியைச் சீவி ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டான அந்த ஸ்லைடைச் சர்ஜனிடம் வாங்கிக்கொண்டு, உங்கம்மாவையும் உன்னையும் கூட்டிக்கொண்டு அந்த வாரமே ரயில் ஏறினேன்.

இனிச் சொல்லப்போவதுதான் இத்தனை வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது.

பம்பாயில் நம்மைத் தெரிந்தவர் யாரும் இல்லை. பயம் விட்டுப்போனதால் பதிவு செய்யும்போது உன் உண்மைப் பெயரைக் கொடுத்தேன், ஊரையும் சரியாகச் சொன்னேன். அந்த டாக்டர் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு அதோடு வந்த சீட்டைப் படித்தார், உன் பதிவுச் சீட்டைப் படித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இது லட்சுமி என்ற பிள்ளையுடையது, இந்தப் பிள்ளை வேறு அல்லவா என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஆங்கிலத்திலேயே டைப் அடித்த எனக்கு அன்று வாயில் ஆங்கிலம் வரவில்லை. ஒரே பிள்ளைதான், ஒரே பிள்ளைதான் சார் என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உங்களை நான் நம்பலாம். ஆனால் நான் கொடுக்கப்போகும் மருந்து விஷத்துக்குச் சமம். வேறு பிள்ளையின் ஸ்லைடை வைத்து இந்தப் பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டால்?" என்றார். மதுரைக்கு எழுதிக் கேட்டாலும் அங்கேயும் நீ லட்சுமிதான். நீ யார் என்று சாட்சி சொல்ல, உன்னைப் பெற்ற எங்களைத் தவிர ஆள் இல்லை. எங்கள் சாட்சி செல்லவில்லை.

மறுபடியும் அறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தள்ளுவண்டியில் படுக்கவைத்தபோது நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். "அங்கதான் ஒருதடவ வெட்டியாச்சேப்பா. எதுக்குப்பா மறுபடியும்?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த டாக்டருக்கு மறதி தாயி. முதல்ல வெட்டுனத மறந்துட்டாரு" என்றேன். உன்னைக் காப்பாற்றிய மனுஷன் தலையிலேயே பழியைப் போட்டேன். பெரியவளான பிறகும் நீ அவரை மறதி டாக்டர் என்றுதான் சொல்கிறாய். அவர் எதையும் மறக்கவில்லை, பூங்கொடி. உன் முதல் தழும்பு நோயால் வந்தது. இரண்டாவது என்னால் வந்தது. அந்த முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் உங்கம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்த முடிவு நல்ல முடிவு. அதே அபூர்வ வகைதான், ஆனால் சரியான மருந்துக்கு அடங்குகிற வகை. மற்ற புற்றுக்குக் கொடுப்பதைக் கொடுத்திருந்தால் உன்னை இழந்திருப்போம் என்றார். கதிர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஏழு மாதம் போவதும் வருவதுமாக இருந்தோம். உன் முடி கொட்டியது, பிறகு முன்னைவிட அடர்த்தியாக முளைத்தது. கடைசியாக அனுப்பிவைக்கும்போது டாக்டர் ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்து, இவளுக்கு விவரம் தெரிகிற வயதில் இதை இவள் கையில் கொடுங்கள் என்றார். வருஷம் ஒரு தடவை கழுத்தையும் மார்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்தால் பிற்காலத்தில் குழந்தை உண்டாவது தாமதமாகலாம், உண்டாகாமலும் போகலாம், இப்போதே சொல்ல முடியாது. இரண்டும் அதில் எழுதியிருக்கிறது. உனக்குப் பதினெட்டு வயது ஆனது, இருபது ஆனது, வேலை கிடைத்துக் கோயமுத்தூர் போனாய். காகிதம் என் பீரோவிலேயே இருந்தது. ரத்தம் கம்மி என்று சொல்லி வருஷா வருஷம் உன்னைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குழந்தை விஷயத்துக்கு எந்தச் சமாதானமும் சிக்கவில்லை.

நேற்று உங்கம்மாவிடம், பிள்ளைக்கு எழுதப்போகிறேன் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்புட்டுப் பாடும் பட்டுப் பிள்ளையக் காப்பாத்துனது, இப்ப கல்யாணம் கூடி வர்ற நேரத்துல வாயக் குடுத்துக் கெடுக்கவா? அந்தப் பையன் நல்ல பையன். அவுக வீட்டுல ஒரு வார்த்தை தெரிஞ்சா நின்னுரும். அப்புறம் அவளுக்கு யாரு?" என்றாள். அவள் சொல்வதில் தப்பு இல்லை. நின்றுவிடுமோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் நாளைக்குக் கல்யாணமாகி வருஷம் நாலு போய், குழந்தை இல்லை என்று அந்த வீட்டில் உன்னைக் குறை பேசும்போது, காரணம் தெரிந்த நான் இங்கே ஒத்தக்கடையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நீ கோயில் கோயிலாகச் சுற்றுவாய். அதை என்னால் பார்க்க முடியாது. "நீயும் நானும் சேந்து இவளுக்கு ஒரு பொய்யத்தான் சீதனமாக் குடுத்து அனுப்பணுமா?" என்று கேட்டேன். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். "எழுதுறதுன்னா அவளுக்கு மட்டும் எழுதுங்க" என்றாள்.

அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதியதில் விரல் மரத்துப்போய்விட்டது. ஏனென்றால் அடியில் கார்பன் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு பம்பாய் டாக்டர் கொடுத்த காகிதம் இருக்கிறது. இன்னொரு உறையும் இருக்கிறது. அதில் இதே கடிதத்தின் கார்பன் பிரதி. மேலே மாப்பிள்ளைத் தம்பியின் ஆபீஸ் விலாசத்தை எழுதியிருக்கிறேன். நானே அவருக்கு அனுப்பியிருக்கலாம். நேற்று ராத்திரி வரை எழுதியிருந்த பக்கங்களின் பிரதியை உறையில் போட்டு, இன்று காலையில் அதற்காகத் தபால் பெட்டி வரைக்கும் போனேன். பெட்டி வாய்க்குள் பாதி நுழைத்த பிறகுதான் புத்தி வந்தது. இதையும் நானே முந்திக்கொண்டு செய்தால், ஞாயிற்றுக்கிழமை செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உன் உடம்பு, உன் கல்யாணம், நீ சொல்லவேண்டியது. அனுப்பினாலும் சரி, நேரில் நீயே சொன்னாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. என்மேல் கோபம் இருந்தால் அதை எழுது. கல்யாணம் நின்றால் அன்றைக்கே கிளம்பி வா, ஆரப்பாளையத்தில் வந்து நிற்கிறேன்.

மாப்பிள்ளைத் தம்பி விலாசம் எழுதிய உறைக்குத் தபால்தலை ஒட்டிவிட்டேன். வாயை ஒட்டவில்லை.

உன் அப்பா